அழித்த வரைவு

ஸ்காபரோ. மார்க்கம் ரோட்டில் டயர் கடைக்குப் பின்னால்
கார் நிறுத்துமிடம். இரவு பதினொன்றரை.
வீட்டில் பிள்ளைகள் உறக்கம்.
பகலில் இந்தக் கொரோலா கணவருக்கு டாக்ஸி,
இரவில் எனக்கு ஸ்டூடியோ.
போனைச் சாய்த்து வைக்க
ஒரு டிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பை.
மூன்று வருடமாக "உப்புக்கல்"
இப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறது.

முதலில் மீன்குழம்பு.
பிறகு, மீன் ஏன் இந்த விலை.
பிறகு, கடலுக்குப் போகிற பாதையை
யார் கம்பி போட்டு அடைத்தது.
நானாகப் போகவில்லை,
குழம்புதான் கூட்டிக்கொண்டு போனது.

கார்த்திகையில் கம்பனி கைமாறியது.
எத்தனையோ பில்லியன் என்றார்கள்.
வாங்கியவர் எங்கள் ஊர் மந்திரியோடு
ஒரே சோபாவில் இருந்து சிரிக்கிற படம் வந்தது.
அந்தப் பில்லியனில் என் விலை என்ன என்று
வேலையில், பார்சல் பெல்ட் ஓரம் நின்று
வகுத்துப் பார்த்தேன்.
ஒரு கிழமைக்குப் பஸ் காசும் தேறவில்லை.

முன்பு நாங்கள் இருந்த பேஸ்மென்ட்டை விற்றபோது
வீட்டுக்காரர் அறுபது நாள் நோட்டீஸ் தந்தார். சட்டம்.
ஃபிரிட்ஜைத் துடைத்தோம். அடுப்பைத் துடைத்தோம்.
சுவரில் சின்னவன் கீறிய யானையை
அப்படியே விட்டுவிட்டு
எங்கள் சாமானோடுதான் வெளியேறினோம்.

இங்கே ஒரு சின்னப் பெட்டி மட்டும் வந்தது:
எங்கள் விதிமுறைகள் மாறியுள்ளன.
ஐம்பத்திநாலாம் நம்பர் பஸ்,
ஒரு கையில் கம்பி, மற்றக் கையில் போன்.
கட்டைவிரலால் சம்மதித்தேன்.
சாமான் எல்லாம் உள்ளேதான் இருந்தது.

தை மாதம் ஒரு இரவு
ஒரு பெயரைச் சொன்னேன்.
உப்பளக் காணிக்குக் கையெழுத்து வைத்தவரின்
முழுப்பெயர், தகப்பன் பெயரோடு.
சொல்லி முடிய, முன்கண்ணாடியில்
என் மூச்சு வெள்ளையாய்ப் படிந்தது.
அங்கே என் தங்கச்சி சுபாங்கி இருக்கிறாள்,
எட்டாம் வகுப்புக்குக் கணக்குப் படிப்பிக்கிறாள்.
போடவில்லை.
ஒரு நாள் வரைவில் கிடந்தது. மறுநாள் அழித்தேன்.
நிரந்தரமாக அழிக்கவா? என்று கேட்டது.
எவ்வளவு மரியாதையாய்க் கேட்டது.

மாசியில் அவள் வீட்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள்.
செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்களாம்.
தேத்தண்ணிக்குச் சீனி போதும் என்றார்களாம்.
பிறகு ஒருவன் ஃபைலைத் திறந்து
தட்டச்சு அடித்த தாளை வாசித்தான்.
என் வசனம். என் ஊர்ப் பேச்சு.
நான் இருமிய இடத்தில்
அடைப்புக்குள் "இருமல்" என்றும் இருந்ததாம்.

பதினேழாயிரம் பேருக்குச் சொல்லப் பயந்து
நான் விழுங்கிய அந்த ஒன்றரை நிமிடத்தை
ஒருவன் மட்டும் உட்கார்ந்து கேட்டிருக்கிறான்,
நிறுத்தி, பின்னுக்கு இழுத்து,
இருமலைக்கூட விடாமல்.
இத்தனை கவனமாய் என்னை
என் புருஷன்கூடக் கேட்டதில்லை.

இன்றைக்குச் சுபாங்கி எடுத்தாள்,
யாரோ ஒருத்தியின் போனில்.
பின்னால் மா அரைக்கிற மில்லின் இரைச்சல்.
அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்று.
இனி வாயைத் திறக்காதே என்று சொன்னால்
சரி என்று சொல்ல ஆயத்தமாய் இருந்தேன்.

"அக்கா," என்றாள்,
"அந்தப் பேர் வந்த இடத்தில
அவன் வாசிக்கேல்ல.
தாளை மடிச்சுப் பையுக்குள்ள வைச்சிட்டான்.
கை நடுங்கினது, நான் பாத்தனான்."

மில் ஒருமுறை நின்று
மறுபடி தொடங்கியது.

"ஆர் அக்கா அது?"

டாஷ்போர்டில் கோப்பை. கோப்பையில் சாய்ந்து
என் முகத்தைப் பார்த்தபடி போன்.
ரோட்டில் பனிக்கு உப்புத் தூவும் லொறி போகிறது.
கல் கல்லாய் வந்து
கார்க் கதவில் படுகிறது.